கூத்துப் பதிவுகளை ஃபிளாக்குக்கு மாற்றுவது: மூலத்தில் கை வைக்காத செய்முறை

வட ஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. ஆரணி, செய்யாறு, வாலாஜா, ஆற்காடு பக்கம் இதைக் கையடக்க ரெக்கார்டரில் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. இந்தப் பதிவுகளை மறுபடி எடுக்க முடியாது. அதே வாத்தியார், அதே முகவீணை, அதே மத்தளம் அடுத்த வருடம் அப்படியே அமைந்துவிடாது. ஆகவே மூலம் கெடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் முதல் அக்கறை. இடம் மிச்சமாவதெல்லாம் அதற்கு அப்புறம்.

வேலூரில் இப்படி ஒரு சேகரத்தை ஒழுங்கு செய்த முறையைக் கீழே தருகிறோம். சேகரத்தில் நாலு வகைக் கோப்புகள் இருந்தன. ரெக்கார்டரிலிருந்து வந்த, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்புகள் (பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ; சில 32 பிட் ஃப்ளோட், அதைப் பின்னால் பார்ப்போம்). பழைய கேசட்டுகளிலிருந்து 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றிய வேவ் கோப்புகள். நாதஸ்வர சிடிக்களை யாரோ முன்பு எடுத்து வைத்த ஏப் கோப்புகள். ஒரு சிடிக்கு ஒரே பெரிய கோப்பு, கூடவே எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் ஒரு கியூ கோப்பு. கடைசியாக, ஆப்பிள் கணினியிலிருந்து வந்த, ஆப்பிளின் சொந்த வடிவமான ஏலாக் கோப்புகள். இவை எல்லாம் லாஸ்லெஸ், அதாவது ஒலியில் ஒரு பிட் கூட இழக்காதவை. வேண்டியதோ மூன்று: நிலையாக வைக்க ஃபிளாக் (இதுவும் ஒலி இழக்காமல் சுருக்கும் வடிவம்), ஐபோனுக்கு ஏலாக், காருக்கும் மைக் செட்டுக்கும் எம்பி3.

கணக்கைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் வாங்குவது நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 2,88,000 பைட். மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல், எட்டு மணி நேரக் கூத்துக்கு 8.3 ஜிபி. பத்து ராத்திரி பாரதம் 83 ஜிபி. ஃபிளாக் ஆக்கினால் பொதுவாக இதில் 55 முதல் 70 சதவீதம் ஆகும். ஆனால் மூலத்தையும் வைத்துக்கொள்வதால் கணக்கு குறையாது, கூடும். மூலம், ஃபிளாக் இரண்டும் சேர்ந்து, அதற்கு இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி. 83 ஜிபி பாரதத்துக்கு ஏறக்குறைய 270 ஜிபி ஒதுக்க வேண்டும்.

முதலில் பூட்டு

டிஸ்க்கில் மூன்று ஃபோல்டர்: மூலம், ஃபிளாக், நகல். மூலத்தில் எந்த நிரலும் எழுதக் கூடாது. ஃபிளாக், மூலத்திலிருந்து மட்டும் உருவாகும். நகல், ஃபிளாக்கிலிருந்து மட்டும் உருவாகும். நகலில் எது கெட்டாலும் அழித்துவிட்டு மறுபடி செய்துகொள்ளலாம். நகலிலிருந்து எதுவும் மேலே திரும்பிப் போகக் கூடாது. "ஃபிளாக் காணோம், எம்பி3 இருக்கிறது, அதையே ஃபிளாக் ஆக்கிவிடலாம்" என்று யாராவது செய்தால் பெயர் ஃபிளாக்காக இருக்கும், உள்ளே இருப்பது எம்பி3தான். அதை அப்புறம் பிரித்தறிவது பெரும்பாடு.

மெமரி கார்டிலிருந்து மூலத்துக்குப் பிரதி எடுத்ததும், கார்டிலும் டிஸ்க்கிலும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணித்து ஒப்பிடவும். இரண்டும் ஒத்துப்போன பிறகே கார்டை ஃபார்மட் செய்யலாம். அந்தப் பட்டியலை ஒரு உரைக்கோப்பாக மூலத்துக்குள்ளேயே வைக்கவும். பிறகு பூட்டு. விண்டோஸில் படிக்க மட்டும் என்ற குறி போதும். லினக்ஸில் கோப்பின் எழுது அனுமதியை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. கோப்பை அழிப்பதும் பெயர் மாற்றுவதும் ஃபோல்டரின் அனுமதியைப் பொறுத்தவை. ஃபோல்டரின் எழுது அனுமதியையும் எடுக்க வேண்டும்.

இந்தப் பூட்டு பெரும்பாலும் வெளியாளுக்காகப் போடுவது அல்ல. சில பிளேயர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அட்டைப்படம், தரமதிப்பு, பாட்டுப் பெயர் என்று கோப்புக்குள் தாமாக எழுதிவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த நிரலில் வேவைத் திறந்து, தொடக்கத்து நிசப்தத்தைக் கொஞ்சம் வெட்டி, அதே பெயரில் ஏற்றுமதி செய்வது இன்னும் மோசம். அங்கே டிதர் என்ற மெல்லிய இரைச்சலும் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. காதுக்குத் தெரியாது. ஆனால் அது இனி மூலம் இல்லை.

மாற்றம்

ஃபிளாக்கை ஜோஷ் கோல்சன் உருவாக்கினார், 1.0 பதிப்பு 2001இல் வந்தது. 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று இணையத் தர ஆவணமாகவும் வெளியானது. வடிவத்தின் முழு விளக்கமும் யாரும் படிக்கக் கிடைக்கிறது என்பதால் இன்னும் முப்பது வருடம் கழித்தும் இதைத் திறக்க நிரல் எழுத முடியும். நிலைச் சேகரத்துக்கு ஃபிளாக்கைத் தேர்ந்ததற்கு இதுவும் அடுத்து வரும் எம்டி5உம் காரணம்.

ஒவ்வொரு ஃபிளாக் கோப்பின் தலையிலும், அதாவது தொடக்கப் பகுதியிலும், சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் எம்டி5 எண் இருக்கும். அதுவும் ஒரு கைரேகை எண்தான். கோப்பை விரித்துக் கணித்துப் பார்த்து அந்த எண்ணோடு ஒத்துப்போனால் ஒலி பிட்டுக்குப் பிட் சரி. இதையும் மூலத்துக்கு எடுத்த எஸ்எச்ஏ256ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஸ்எச்ஏ256 முழுக் கோப்புக்கானது. பாட்டுப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது மாறிவிடும். எம்டி5 ஒலிக்கு மட்டும். பெயர், படம் எதை மாற்றினாலும் அது மாறாது. ஆகவே மூலத்துக்கு எஸ்எச்ஏ256, ஃபிளாக்குக்கு உள்ளிருக்கும் எம்டி5.

ஃபிளாக்கின் அதிகாரப்பூர்வ நிரலைக் கட்டளை வரியில் ஓட்டுவதே நம்பகமானது. சுருக்க நிலை 0 முதல் 8 வரை உண்டு. எந்த நிலையிலும் ஒலி ஒன்றேதான். நேரமும் அளவும் மட்டும் மாறும். இயல்பாக இருப்பது 5. அதற்கும் 8க்கும் அளவில் வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு முறை செய்து காலத்துக்கும் வைக்கும் கோப்பு என்பதால் 8 வைத்தோம். இதைவிட முக்கியம் வெரிஃபை என்ற தெரிவு. சுருக்கச் சுருக்க உடனே விரித்து மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகும். ராம் பழுதான கணினியில் தவறு அங்கேயே பிடிபடும். டெலீட் இன்புட் ஃபைல் என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது.

பலரும் தவறவிடுவது கீப் ஃபாரின் மெட்டாடேட்டா என்ற தெரிவு. வேவ் கோப்பில் ஒலி தவிர வேறு துண்டுகளும் இருக்கும். ரெக்கார்டர் எழுதிய தேதி, நேரம், கருவியின் பெயர், பதிவின் நடுவே மார்க் பொத்தானை அழுத்திய இடங்கள் எல்லாம் அதில்தான். சும்மா மாற்றினால் ஒலி மட்டும் ஃபிளாக்குக்குப் போகும், இவை அத்தனையும் விடுபடும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வேஷம் வரும்போதும் மார்க் அழுத்தியவரின் உழைப்பு அது. இந்தத் தெரிவைப் போட்டால் அந்தத் துண்டுகளும் ஃபிளாக்குக்குள் பத்திரமாக இருக்கும். திரும்ப வேவ் ஆக்கும்போதும் இதே தெரிவைக் கொடுத்தால் மூலக் கோப்பே எஸ்எச்ஏ256 மாறாமல் கிடைக்கும். இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மறந்தால் பயனில்லை.

மைக் செட் ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேரடியாக லைன் எடுத்த பதிவுகளில் இடதும் வலதும் ஒன்றாகவே இருக்கும். இவை வழக்கமான ஃபிளாக் அளவிலும் ஏறக்குறைய பாதியாகச் சுருங்குவதைக் கண்டு கோப்பு அறுந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். ஃபிளாக் இரண்டு சேனல்களின் சராசரியையும் வித்தியாசத்தையும் சேமிக்கும். வித்தியாசம் சுழியம் என்றால் அதற்கு இடமே பிடிக்காது. அதனால் இடம் மிச்சப்படுத்த மோனோ ஆக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாலு மணி நேரச் சுவர்

வேவ் கோப்பின் தலையில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட். அதனால் 4 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. மெமரி கார்டின் ஃபேட்32 முறைக்கும் இதே எல்லை. நம் பதிவின் கணக்கில் இது 4 மணி 8 நிமிடம். ரெக்கார்டர்கள் இந்த எல்லைக்கு முன்பே, சில 2 ஜிபியிலேயே, அதாவது 2 மணி 4 நிமிடத்தில், கோப்பை முடித்து அடுத்ததைத் தானாகத் தொடங்கும். ஒரு ராத்திரிக் கூத்து இப்படி மூன்று நாலு துண்டாக வரும். வெட்டு விழும் இடம் விருத்தத்தின் நடுவாக இருக்கும், வசனத்தின் நடுவாக இருக்கும். இயந்திரம் இடம் பார்த்து வெட்டாது.

துண்டுகளை ஃபிளாக் ஆக்குவதற்கு முன் இணைத்துக்கொள்வது நல்லது. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று நிரலில் கான்கேட் (ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும்) முறையில் துண்டுகளை வரிசையாகக் கொடுத்து, நேராக ஃபிளாக்காகவே எழுதலாம். ஃபிளாக்குக்கு இந்த 4 ஜிபி எல்லை கிடையாது. மொத்த மாதிரிகளை (48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000 முறை அளந்த ஒலி மதிப்புகள்) குறிக்க 36 பிட் இருப்பதால் 48 கிலோஹெர்ட்ஸில் 397 மணி நேரம் வரை ஒரே கோப்பில் அடங்கும். நடுவில் வேவாக எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த எல்லை இல்லாத ஆர்எஃப்64 வகையைத் தேர்ந்தெடுக்கவும். சாதாரண வேவ் என்று விட்டால் 4 ஜிபிக்குப் பிறகு தலையில் உள்ள அளவு தப்பாகிப் பல பிளேயர்கள் பாதிக் கூத்தில் நின்றுவிடும்.

இணைத்த பின் இரண்டு சோதனை. துண்டுகளின் மாதிரி எண்ணிக்கையைக் கூட்டினால் இணைந்த கோப்பின் எண்ணிக்கை வர வேண்டும், ஒன்று கூடவும் குறையவும் கூடாது. அடுத்து, இணைப்பு இடத்தை ஆடாசிட்டியில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கவும். அலை வளைந்து தொடர்ந்தால் சரி. செங்குத்தாகத் தாவினால் ரெக்கார்டர் கோப்பு மாற்றும்போது சில மாதிரிகளை விட்டிருக்கிறது. கேட்டால் டிக் என்று ஒரு சத்தம் இருக்கும். அதை ஃபிளாக்கில் சரி செய்யக் கூடாது. குறிப்பில் நேரத்தை எழுதி வைத்துவிட்டு நகலில் சரி செய்துகொள்ளலாம். இப்படி இணைத்த கோப்பில் அந்தந்தத் துண்டின் தேதி, மார்க் எல்லாம் வராது. அதனால்தான் துண்டுகளாக வந்த மூலத்தை அப்படியே வைப்பது. மார்க் நேரங்களைத் தனி உரைக்கோப்பில் எடுத்து, "1:12:40 கட்டியங்காரன்" என்ற மாதிரி எழுதி ஃபிளாக்குக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்பவருக்குப் பெரிய உதவி.

பேட்டரி இறங்கி ரெக்கார்டர் அணைந்துபோன கோப்பு தனி ரகம். அளவு 1 ஜிபி காட்டும், திறந்தால் சுழிய நிமிடம் என்று வரும். ஒலி உள்ளேதான் இருக்கிறது. தலையில் அளவை எழுதுவதற்குள் கருவி அணைந்துவிட்டது, அவ்வளவுதான். மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, ஆடாசிட்டியில் ரா டேட்டாவாக, அதாவது தலையைப் பார்க்காமல் வெறும் ஒலியாக, இறக்குமதி செய்யவும்: 24 பிட், லிட்டில் எண்டியன், 2 சேனல், 48,000. தொடக்க ஆஃப்செட் எளிய வேவுக்கு 44 பைட். ரெக்கார்டர் தேதித் துண்டு எழுதியிருந்தால் அதைவிடக் கூடும். அதே ரெக்கார்டரின் நல்ல கோப்பு ஒன்றை கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, டேட்டா என்ற நாலு எழுத்தும் அதன் பின் நாலு பைட்டும் முடியும் இடத்தை எண்ணினால் சரியான எண் கிடைக்கும். ஒரு பைட் தவறினாலும் கூத்துக்குப் பதில் காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் வரும். முதல் முறை ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துக் கேட்கவும்.

32 பிட் ஃப்ளோட்

புதிதாக வரும் ரெக்கார்டர்கள் பலவற்றில் 32 பிட் ஃப்ளோட் பதிவு, அதாவது ஒலி மதிப்புகளைத் தசம எண்களாக எழுதும் முறை, இருக்கிறது. லெவல் வைக்கவே வேண்டாம், வெடிச்சத்தம் கேட்டாலும் கிளிப் ஆகாது, உச்சம் வெட்டுப்படாது என்பதால் கூத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஃபிளாக் முழு எண்ணை மட்டும் ஏற்கும், ஃப்ளோட்டை ஏற்காது. அதிகாரப்பூர்வ நிரலில் கொடுத்தால் வகை தெரியவில்லை என்று மறுத்துவிடும், அது நல்லதே. எஃப்எஃப்எம்பெக்கில் கொடுத்தால் மறுக்காமல் முழு எண்ணாக மாற்றி எழுதிக் கொடுத்துவிடும். சுழிய டெசிபெல்லைத் தாண்டியிருந்த உச்சங்கள் அங்கே தட்டையாகும். எந்த வசதிக்காக ஃப்ளோட்டில் பதிந்தோமோ அதுவே போச்சு.

இந்த வகைக் கோப்புகளுக்கு வேவ்பேக் என்ற வடிவம் சரியான இடம். 32 பிட் ஃப்ளோட்டை இழப்பில்லாமல் சுருக்கும். இல்லையென்றால் வேவாகவே விட்டுவிடலாம். ஃபிளாக்தான் வேண்டும் என்றால், உச்சம் சுழியத்துக்குக் கீழே வரும்படி லெவலைக் குறைத்து 24 பிட் ஃபிளாக் ஆக்கி, அதை நகல் என்றே கணக்கில் வைக்கவும். இதே சேகரத்தில் எது 24 பிட், எது ஃப்ளோட் என்று முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். கோப்பின் பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மீடியாஇன்ஃபோ நிரல் காட்டிக்கொடுக்கும்.

எஃப்எஃப்எம்பெக் சொல்லாமல் செய்வது

எஃப்எஃப்எம்பெக் அருமையான கருவி. ஆனால் வெளியீட்டு வகையை நாம் சொல்லாவிட்டால் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். 24 பிட் ஃபிளாக்கை வேவ் ஆக்கச் சொன்னால் 16 பிட் வேவ் வரும். எட்டு பிட் போனது வெளியே தெரியாது. பிசிஎம் எஸ்24எல்இ என்று கோடெக்கைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். எம்4ஏ என்று முடியும் கோப்பாக எழுதச் சொன்னால் ஏஏசி வரும். அது இழப்புள்ள வகை. ஏலாக் என்று எழுத்துக்கு எழுத்து கொடுத்தால்தான் ஏலாக் வரும். ஏலாக், ஏஏசி இரண்டுக்கும் கோப்பின் வால் ஒன்றே என்பதால் பெயரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஆப்பிள் கணினியிலிருந்து வந்த எம்4ஏ கோப்புகளை மாற்றும் முன், ஒவ்வொன்றும் உண்மையிலேயே ஏலாக்தானா என்று மீடியாஇன்ஃபோவில் பார்த்துவிடவும். ஏஏசி என்றால் அதை ஃபிளாக் ஆக்காதீர்கள். அப்படியே எம்4ஏவாக வைத்துக்கொள்வதே நேர்மை.

ஏலாக்கை ஆப்பிள் 2004இல் கொண்டுவந்து 2011இல் திறந்த மூலமாக்கியது. அதிலிருந்து ஃபிளாக்குக்கும் திரும்பவும் எத்தனை முறை மாற்றினாலும் ஒலி குறையாது. ஆனால் ஃபிளாக்கைப் போல ஒலியின் எம்டி5ஐ அது உள்ளே வைத்திருக்காது. அதனால் ஒப்பிடும் வேலை நம்முடையது. இரண்டையும் விரித்து, ஒரே பிட் ஆழத்தில் எம்டி5 எடுத்து ஒப்பிடவும். 24 பிட் கோப்புக்கு 16 பிட்டில் எம்டி5 எடுத்தால் வேறு எண் வரும், பீதி கிளம்பும். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பிளேயர் இருந்தால் பைனரி கம்பேரேட்டர் என்ற கூறு இந்த வேலையைச் செய்யும். இரண்டையும் தேர்ந்து ஒப்பிடச் சொன்னால் வித்தியாசம் உண்டா, எந்த நொடியிலிருந்து என்று சொல்லிவிடும்.

ராகம், தாளம், ஜமா (கூத்துக் குழு), ஊர் என்று நாமாகச் சேர்த்த குறிப்புகள் ஃபிளாக்கில் எந்தப் பெயரிலும் இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக் வழியாக எம்4ஏ ஆகும்போது அதற்குத் தெரிந்த பெயர்கள் மட்டும் போகும், மற்றவை உதிரும். ஃபூபார் வழியாக மாற்றினால் தங்கும். இதனாலும்தான் நகலிலிருந்து மேலே திரும்பக் கூடாது என்பது.

ஏப் கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியூடூல்ஸ் நிரலில் கியூ கோப்பைக் கொடுத்தால் பாட்டுவாரியாகப் பிரித்து ஃபிளாக் ஆக்கும். கியூவில் நேரம் நிமிடம், நொடி, ஃப்ரேம் என்று இருக்கும். நொடிக்கு 75 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 588 மாதிரி. வெட்டு இந்த எல்லையில் விழுவதால் ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்குப் போகும் இடத்தில் இடைவெளி தெரியாது. கியூவில் தமிழ் எழுத்துக்குப் பதில் கிறுக்கலான எழுத்துகள் தெரிந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி அல்லது டாப் குறியீட்டில் தட்டச்சு செய்தது. யூனிகோடுக்கு மாற்றி யூடிஎஃப்8 ஆகச் சேமித்த ஒரு பிரதியைப் பயன்படுத்தவும். பழைய கியூவும் மூலத்தில் அப்படியே இருக்கட்டும்.

திரௌபதி மூன்று விதம்

பெயர்தான் இந்த வேலையில் நிறைய நேரத்தை விழுங்கியது. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் வைப்பதே சரி என்று நினைப்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

"திரௌபதி" என்ற பெயரை யூனிகோடில் ஏழு குறிகளாக எழுதலாம். ஔகாரக் குறி ஒன்றே ஒன்று. அதையே இரண்டாகப் பிரித்து, எகரக் கொம்பும் ஔகார நீட்டக் குறியும் தனித்தனியாக, எட்டுக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒகர, ஓகாரக் குறிகளுக்கும் இதே கதை; துரியோதனன், மோட்சம், கோயில் எல்லாம் இதில் அடக்கம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், பெயரை எப்படிக் கொடுத்தாலும் பிரித்தே சேமிக்கும். அந்த டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்குப் பிரதி எடுத்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கன்வ்எம்வி நிரலில் என்எஃப்சி என்ற தெரிவைக் கொடுத்து ஃபிளாக் ஃபோல்டர் முழுவதையும் சேர்த்து எழுதிய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும்.

மூன்றாவது விதம் தட்டச்சு செய்பவர் கையில் வருவது. ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகர எழுத்தும் அடித்து "திரெளபதி" என்று எழுதிவிடுவார்கள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அது ளகரமேதான்; எந்த யூனிகோடு சீரமைப்பும் அதை மாற்றாது. ரெகரத்துக்குப் பின் ளகரம் வரும் பெயர்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். கௌரவர், சௌந்தர்யம், மௌனம் என்று வரும் பெயர்களிலும் இதைத் தேடவும். திருத்துவது ஃபிளாக்கில் மட்டும். மூலத்தின் பெயர் தப்பானாலும் அப்படியே இருக்க வேண்டும்; எஸ்எச்ஏ256 பட்டியல் அந்தப் பெயரைத்தான் நம்பியிருக்கிறது.

பெயரின் நீளத்துக்கும் எல்லை உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட். யூடிஎஃப்8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிகளிலேயே இடம் தீர்ந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் இதே பெயர் தாராளமாகப் போகும். அதனால் விண்டோஸில் ஊர், கோயில், ஜமா, நாள் எல்லாம் சேர்த்து வைத்த பெயர், லினக்ஸ் டிஸ்க்குக்குப் போகும்போது பெயர் நீளம் என்று சொல்லி அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிடும். பெயர் சுருக்கமாக இருக்கட்டும். மீதி விவரம் உள்ளே குறிப்பாக இருக்கட்டும்.

காரும் மைக் செட்டும்

மைக் செட் ஆம்ப்ளிஃபையரில் பொருத்திய யூஎஸ்பி பலகைகளில் பல எம்பி3ஐயும் ஃபேட்32 பென் டிரைவையும் தவிர வேறு எதையும் படிக்காது. பழைய கார் செட்டும் அப்படியே. எம்பி3 ஆக்கும் லேம் நிரல் மூலம் நிலையான 192 கேபிபிஎஸ் வைத்தால் மணிக்கு 86 எம்பி, எட்டு மணி நேரக் கூத்துக்கு 691 எம்பி. மாறும் விகிதம் வைத்தால் தரம் இன்னும் நன்றாக வரும். ஆனால் பழைய செட்டுகள் நேரத்தைத் தப்பாகக் காட்டும், முன்னே ஓட்டினால் எங்கேயோ போய் நிற்கும். எம்பி3 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்காது. 96இல் இருக்கும் கேசட் பதிவுகளை லேம் தானே இறக்கிக்கொள்ளும்.

பாட்டுப் பெயர் முதலியவற்றை எம்பி3க்குள் வைக்கும் ஐடி3 குறிப்பை 2.3 பதிப்பில் எழுதவும். 2.4ஐப் பழைய செட்டுகள் படிப்பதில்லை. செட்டில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். நகலில் மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரத்தை ஒரே எம்பி3 ஆக்க வேண்டாம். வண்டியை அணைத்துப் போட்டால் பல செட்டுகளில் தொடக்கத்துக்கே போய்விடும். மார்க் இருக்கும் இடங்களில் வெட்டி, பெயருக்கு முன் 01, 02 என்று எண் கொடுக்கவும். எண் கொடுத்தும் வரிசை மாறிப் பாடினால் செட் பெயரைப் பார்ப்பதில்லை, பென் டிரைவில் எழுதிய வரிசையைப் பார்க்கிறது என்று பொருள். ஃபேட்சார்ட் நிரலை ஓட்டினால் சரியாகும்.

பகல் சொற்பொழிவு மெலிதாகவும் கூத்து பலமாகவும் இருக்கும். ஃபிளாக்கில், எவ்வளவு கூட்டிக் குறைத்து ஒலிக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும் ரீப்ளேகெயின் குறிப்பு மட்டும் எழுதவும். அது ஒலியைத் தொடாது. எம்பி3 நகலில் அந்த அளவுக்கு ஒலியையே கூட்டிக் குறைத்துவிடலாம், அங்கே தடையில்லை.

சோதனை

அக்னி நட்சத்திர வெயிலில் மடிக்கணினி சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாற்றத்தை ராத்திரியில் ஓட விடுவது நல்லது. யூபிஎஸ் இல்லாமல் கரண்ட் போனால் பாதியில் நின்ற ஃபிளாக் கோப்பு மிஞ்சும். ஃபிளாக் நிரல் எம்டி5ஐயும் மொத்த மாதிரி எண்ணிக்கையையும் கடைசியில்தான் தலையில் எழுதும். பாதிக் கோப்பில் அந்த இடம் வெறும் சுழியமாக இருக்கும். டெஸ்ட் தெரிவைக் கொடுத்து ஓட்டினால் எம்டி5 எழுதப்படவில்லை என்றோ கோப்பு நடுவில் முடிகிறது என்றோ சொல்லும். அந்தச் செய்தி வந்த எந்தக் கோப்பையும் அழித்துவிட்டு மூலத்திலிருந்து மறுபடி செய்யவும்.

வெளியாரிடமிருந்து வந்த ஃபிளாக் உண்மையா என்று பார்க்க ஸ்பெக் நிரலில் அதிர்வெண் படத்தைப் பார்ப்பார்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்து வந்தது என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே சுவர் வைத்தாற்போல நேர்கோட்டில் அறுந்திருக்கும். கேசட் பதிவுகளுக்கு இந்தத் தீர்ப்பை அவசரமாகக் கொடுத்துவிடக் கூடாது. நாடாவிலேயே அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கே ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து, மேலே நாடாவின் இரைச்சல் தொடரும். மேலே இரைச்சலும் சேர்ந்து சட்டென்று இல்லாமல் போனால் மட்டுமே சந்தேகப்படலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, அடுத்த பாரதம் தொடங்கும் முன், இரண்டு டிஸ்க்கிலும் ஃபிளாக் எல்லாவற்றையும் டெஸ்ட் தெரிவில் ஓட்டவும். மூலத்தை எஸ்எச்ஏ256 பட்டியலோடு ஒப்பிடவும். ஒரு டிஸ்க்கில் கெட்டிருந்தால் மற்றதிலிருந்து எடுத்து வைக்கலாம். டிஸ்க் இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். ஒன்று காட்பாடியில் என்றால் மற்றது ராணிப்பேட்டையில் இருக்கட்டும்.

வேவ் மூலத்தை எப்போது அழிக்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. கேசட்டிலிருந்து ஏற்றிய வேவில் தேதி, மார்க் போன்ற தனித் துண்டுகள் எதுவும் இல்லாமல், ஃபிளாக்கிலிருந்து திரும்ப எடுத்த வேவின் எஸ்எச்ஏ256 மூலத்தோடு ஒத்து, இரண்டு டிஸ்க்கிலும் ஃபிளாக் டெஸ்ட் சரியாக வந்திருந்தால் அழிக்கலாம். ரெக்கார்டரிலிருந்து வந்த கூத்து வேவ்களையும் 32 பிட் ஃப்ளோட் கோப்புகளையும் நாங்கள் அழிக்கவில்லை.